பதினேழாம் எண் ஒயரிங் செட்

டீ நேரத்தில் நாங்கள் கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, செருப்பெல்லாம் செம்மண். வாட்ச்மேன் முன்னால் ஒரு சின்ன மஞ்சள் சீட்டை நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இது யார் நம்பரு? அந்த ஆளக் கூப்பிடுங்க. மூஞ்சியப் பாக்கணும்."

சீட்டில் என்ன எண் என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஆனாலும் பாதி டீயைக் கொட்டிவிட்டு உள்ளே நடந்தேன்.

அது ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்த சின்னக் கம்பெனி. ஜீப்புக்கும் வேனுக்கும் ஒயரிங் செட் கட்டுவதுதான் வேலை. பேட்டரியிலிருந்து விளக்கு, ஹாரன், என்ஜின் என்று ஒவ்வொன்றுக்கும் போகிற ஒயர்களை அளந்து வெட்டி, முனைகளில் டெர்மினல் என்கிற பித்தளைக் கவ்வியை அடித்து, ஆணி அடித்த ஒரு பலகையின் மேல் வரிசையாக இழுத்து, கறுப்பு டேப்பைச் சுற்றி ஒரே கொத்தாக்க வேண்டும். நாற்பது பெண்கள் இருந்தோம். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து, மாந்தோப்பில் கூலி வேலை செய்கிற அப்பா அம்மாவை விட்டுவிட்டு நான் வந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. இன்னும் டிரெய்னிதான். மூன்று மாதம் கழித்து நிரந்தர ஆணை வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

என் வேலை செக்கிங். கட்டி முடித்த செட்டைச் சோதனைப் பலகையில் மாட்டிச் சுவிட்சைத் தட்டினால் வரிசையாகப் பல்புகள் எரியும். எல்லாம் எரிந்தால் ஒயர்கள் சரி. அதோடு முடியாது. ஒவ்வொரு டெர்மினலையும் விரலால் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். சரியாக அடிக்கப்படாதது கையோடு வந்துவிடும். இரண்டும் முடிந்த பிறகு, செக்கிங் செய்தவளின் எண்ணும் தேதியும் போட்ட மஞ்சள் சீட்டைக் கட்டிவிட வேண்டும்.

என் எண் பதினேழு.

உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கோயமுத்தூர்க்காரர். கோபத்தில்கூட மரியாதை குறையாத பேச்சு.

"அம்மணி, பதினேழு உன்ற நம்பர்தானே?"

"ஆமாங்க சார்."

மேசையில் சீட்டு கிடந்தது. எண்ணைவிட எனக்குத் தேதிதான் முதலில் கண்ணில் பட்டது. அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் லோடு ஏற்ற வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசி இருபத்தி நாலு செட்டுக்கு நான் பல்பை மட்டும்தான் பார்த்தேன். டெர்மினலை இழுத்துப் பார்க்கவில்லை. பல்புதான் எரிகிறதே என்று சீட்டைக் கட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று அன்று நினைத்தேன்.

அந்த ஆள் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஓடைக்கு அக்கரையில் கோசும் தக்காளியும் போட்டிருந்தார். ஓடையில் இறங்கி மேட்டில் ஏற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் முடியாது என்பதால் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊர் மெக்கானிக் பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு எங்கள் செட்டைப் போட்டிருக்கிறான்.

"போன வாரம் மேடு ஏறிக்கினு இருக்கறன்," என்றார் அவர். "பின்னால உர மூட்டை, அது மேல என் சம்சாரம், ரெண்டு ஆளுங்க. பாதி மேட்டுல என்ஜின் பொட்டுனு நின்னுபோச்சு. வண்டி பின்னால உருளுது. பிரேக்கு புடிச்சி நிக்கறதுக்குள்ள ஓரத்துக்கு வந்துட்டன். இன்னும் ஒரு முழம் போயிருந்தா எல்லாரும் ஓடையில. ஒயருதான் கோளாறுன்னு மெக்கானிக் சொல்றான். இதைக் கட்டுன ஆளு வந்து பாக்கட்டும்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "நாளைக்குச் சர்வீஸ்காரரோட நீயும் போயிட்டு வா. எந்தக் கலர் ஒயர் எங்க போவுதுன்னு உனக்குத்தான் அத்துப்படி." பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பு நம்மளுதா இருந்தா மேல பதில் சொல்லோணும் அம்மணி," என்றார்.

இரவு அறையில் உடன் தங்கியிருந்த பெண்கள் என்னென்னவோ கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் சர்வீஸ் அண்ணன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். முப்பது வயதிருக்கும். மடியில் தோல் பை, அதற்குள் ஸ்பானர்கள், கட்டிங் பிளேயர், டெர்மினல் அடிக்கிற கைப்பிளேயர், கொஞ்சம் ஒயர். அவருக்கு என்னைக் கூட்டிவருவதில் விருப்பமில்லை. திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்:

"அங்க போயி நீயா எதுவும் பேசாத. நான் பாத்துக்கிறேன்."

தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜீப்போடு அந்த விவசாயி காத்திருந்தார். ஸ்டார்ட்டர் சுவிட்சைத் தட்டினால் 'டக்'கென்று ஒரு சத்தம் மட்டும். வேறெதுவும் இல்லை. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து பழக்கப்பட்டவர்கள் மாதிரி பின்னாலிருந்து தள்ளினார்கள். என்ஜின் பிடித்துக்கொண்டது.

சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ராகிக் கொல்லைகளைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கினோம். ஓடை வந்தது. தண்ணீர் கணுக்காலளவுதான். இக்கரையில் வண்டியை நிறுத்தி, தரையிலிருந்த சின்ன கியர்த்தண்டைப் பிடித்து இழுத்து நாலு சக்கரத்தையும் சேர்த்தார். ஓடையைக் கடந்து மேட்டில் ஏறத் தொடங்கியதும் என்ஜின் கனத்து முனகியது. நான் பின்னால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேட்டில் ஒரு பனைமரத்தளவு தூரம் ஏறியிருப்போம். முனகல் சட்டென்று நின்றது.

சத்தமில்லாமல் வண்டி பின்னோக்கி உருண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் பிடித்து நின்றபோது என் நெற்றி முன் சீட்டில் இடித்திருந்தது. இடது பக்கம் எட்டிப் பார்த்தால் நேர் கீழே ஓடையின் கற்கள்.

"பாத்தீங்களா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் வேர்த்திருந்தது. ஹாரனை அழுத்தினார். ஓங்கி அடித்தது. லைட்டைப் போட்டார். எரிந்தது.

சர்வீஸ் அண்ணன் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு வந்தார். "ஹாரன் அடிக்குது, லைட்டு எரியுது. பேட்டரி நல்லாருக்கு. அப்ப என்ஜினுக்குப் போற ஒயருலதான் விட்டு விட்டு வருது," என்றார். என் பக்கம் திரும்பவில்லை. என்ஜினுக்குப் போகிற ஒயர் என்றால் எங்கள் செட்.

வண்டியைப் பின்னோக்கியே இறக்கி, மேட்டுக்குக் கீழே ஓடையோரமாக இருந்த ஜீப்காரர் வீட்டுக் களத்தில் நிறுத்தினோம். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னைப் பார்த்ததும் வியப்பாக நின்றார்.

"இந்தப் பொண்ணா கட்டிச்சு? சின்னப் பொண்ணா இருக்குதே!"

நான் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிப் பக்கம் போனேன்.

பானட்டைத் திறந்து வேலையைத் தொடங்கினோம். சர்வீஸ் அண்ணன் என்ஜின் பக்கம் சோதிக்கும்போது, முன்பக்க விளக்குகளுக்குப் போகிற கிளையைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் என்னிடம். டேப்பை மெதுவாகச் சுற்றி எடுத்தேன். இரண்டு பெரிய விளக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகிற ஒயரின் டெர்மினல் வெளியே வந்தது. பழக்கத்தில் விரலால் பிடித்து இழுத்தேன்.

அசைந்தது.

குனிந்து பார்த்தேன். டெர்மினலின் இரண்டு காதும் மடங்கிச் செம்பைக் கவ்வியிருக்க வேண்டும். இதில் அது பிளாஸ்டிக் தோலைக் கவ்வியிருந்தது. செம்புக் கம்பியில் இரண்டே இரண்டு இழை மட்டும் எப்படியோ தொட்டுக்கொண்டிருந்தது. பல்பு எரிய அந்த இரண்டு இழை போதும். சோதனைப் பலகையில் அன்றைக்கு அதனால்தான் எரிந்திருக்கிறது. இழுத்துப் பார்த்திருந்தால் அன்றே கையோடு வந்திருக்கும்.

என்ஜின் நிற்பதற்கும் இந்த ஒயருக்கும் சம்பந்தம் இல்லை. அது எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் இன்றோ நாளையோ இந்த இரண்டு இழையும் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணையும்.

"என்ன, சரியாருக்கா?" என்று அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"இருக்குதுண்ணா," என்றேன்.

டேப்பைத் திரும்பச் சுற்றினேன். விரல்கள் வேலை செய்த வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்காகவே பழகியவை போல அந்தத் தப்பை மூடின.

அண்ணன் ஒரு சின்னப் பல்பில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருந்தார். ஒரு முனையைச் சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, மறுமுனையால் என்ஜினுக்கு வருகிற ஒயரைத் தொட்டார். எரிந்தது. ஒயரை ஆட்டினார், முறுக்கினார், இழுத்தார். எரிந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். "ஒயர் நல்லாத்தான்யா இருக்கு," என்று முணுமுணுத்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மொத்தச் செட்டையும் கழட்டிக் கம்பெனிக்குக் கொண்டுபோயிருவோம்," என்றார்.

கழற்றிக் கொண்டுபோனால் சூப்பர்வைசர் மேசையில் டேப்பைப் பிரிப்பார்கள்.

அப்போதுதான் அந்த அம்மா, சும்மா நிற்கிறோமே என்று ஏதோ சொல்கிற மாதிரி, சொன்னார்: "இந்த வண்டிக்கு எல்லாமே வியாதிதான். சோக்கு இழுத்தா கையி சுடும்."

"என்னாங்க சுடும்?" என்றேன்.

"சோக்குங்கண்ணு. காலையில குளிர்ல ஸ்டார்ட் ஆவாதில்ல? இவரு சுவிட்சத் தட்டுவாரு, நான் சோக்கப் புடிச்சி இழுத்துக்கினு இருப்பன். ஒரு நாளு புகையே வந்துச்சு. குமிழு உருகிப்போச்சு. அப்புறம் மெக்கானிக் அந்தக் கம்பியவே கழட்டிப் போட்டுட்டு நைலான் கயிறு கட்டிக் குடுத்தான்."

"அது எப்பங்க?"

அவர் யோசித்துக் கணவரைப் பார்த்தார். "மேட்டுல நிக்க ஆரம்பிச்சதுக்கு முன்னால."

"அதுக்கப்புறம்தான் தள்ள ஆரம்பிச்சோம்," என்றார் அவர் மெதுவாக. அதுவரை அவரும் அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சோக் கம்பிக்கும் மின்சாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது டாஷ்போர்டின் குமிழிலிருந்து என்ஜினுக்குப் போகிற, கையால் இழுக்கிற வெறும் இரும்புக் கம்பி. அது ஏன் சுட வேண்டும்? எனக்குச் சோதனைப் பலகை நினைவுக்கு வந்தது. ஒரு தடவை அதன் திரும்பி வருகிற ஒயர் கழன்றுபோனதும் தெரியாமல் நான் செட்களை மாட்டிக்கொண்டே இருந்தேன். பல்புகள் மங்கலாக எரிந்தன. பலகையின் இரும்புக் கீல் மேல் கை பட்டபோது சுட்டது. வழியில்லாத மின்சாரம் கீல் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றேன். "என்ஜினுக்குக் கரண்டு போவுது. சரி. திரும்பி எது வழியா வருது?"

"சேஸிஸ் வழியாத்தான். இதென்ன கேள்வி?"

"என்ஜின் ரப்பர் மேலதானண்ணா உக்காந்திருக்கு. அதுல இருந்து சேஸிஸுக்கு எது வழியா வருது?"

அவர் என்னைப் பார்த்தார். வண்டிக்கு அடியில் புகுந்தார். சற்று நேரம் துணியால் தேய்க்கிற சத்தம் கேட்டது. "எர்த் பட்டை இருக்கு புள்ள. எண்ணெயும் சேறுமா இருக்கு. மாட்டித்தான் இருக்கு," என்று அடியிலிருந்து குரல் வந்தது. என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கிற, செம்பு இழைகளால் பின்னிய பட்டை அது. எங்கள் செட்டில் வருவதில்லை. வண்டியோடு பிறந்தது.

"பல்ப வச்சுப் பாக்கலாமாண்ணா?"

இந்த முறை பல்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டி, மறுமுனையை என்ஜின் உடம்பிலேயே இறுக்கினோம். பல்பு எரிந்தது. அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "எரியுதே."

"இப்ப வண்டி சும்மா நிக்குதுண்ணா. மேட்டுல இழுக்கும்போதுதான நிக்குது."

களத்தின் ஓரத்தில் நெஞ்சளவு பாறை ஒன்று இருந்தது. அண்ணனும் நானும் தள்ள, ஜீப் ஸ்டார்ட் ஆனது. முன் பம்பரைப் பாறையில் முட்டக் கொண்டுபோய் நிறுத்தினார் ஜீப்காரர். நாலு சக்கரக் கியரைப் போட்டார். பல்பைப் பார்க்கிற வேலையை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். நான் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பார்த்தேன்.

"கிளச்ச மெதுவா விடுங்க!" என்று அண்ணன் கத்தினார்.

வண்டி போக முடியாமல் உறுமியது. என்ஜின் ஒரு பக்கமாக, யாரோ தோளைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி, சாய்ந்தது. இரண்டு விரல் அளவு இருக்கும்.

"ஆரிப்போயிந்தி!" என்று அந்த அம்மா தெலுங்கில் கத்தினார். அணைந்துவிட்டது. அதே நொடியில் என்ஜினும் நின்றது. சாய்ந்த என்ஜின் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் பல்பு மறுபடி எரிந்தது.

அண்ணன் பட்டையைக் கழற்றி எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே முழுசாகத் தெரிந்தது. வளைத்ததும் உள்ளே பச்சைப் பொடியாக உதிர்ந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். சமதளத்தில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. என்ஜின் சாய்ந்தால் விலகின. சோக் கம்பி இருந்தவரைக்கும் மின்சாரம் அது வழியாகத் திரும்பி வந்து அந்த அம்மாவின் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதையும் கழற்றியபிறகு போக வழியில்லை.

பையிலிருந்த தடித்த பேட்டரி ஒயரை வெட்டி, இரண்டு பக்கமும் துருவைச் சுரண்டி, போல்ட் போட்டு முறுக்கினார் அண்ணன். ஸ்டார்ட்டரைத் தட்டியதும், 'டக்' இல்லை, என்ஜின் கர்ஜித்துக்கொண்டு எழுந்தது. ஜீப்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மேட்டில் ஏறி, உச்சியில் திருப்பி, இறங்கி, மறுபடி ஏறினார். நாங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். அண்ணன் தட்டை ஓரமாக வைத்துவிட்டு ரிப்போர்ட் தாளில் எழுதினார்: 'ஒயரிங் செட்டில் குறை இல்லை.' எழுதியதைப் படித்தும் காட்டினார்.

ஜீப்காரர் என்னிடம், "கேட்டுல கத்திட்டன்மா. மனசுல வச்சிக்காத," என்றார். "நீ இல்லைனா இது தெரிஞ்சிருக்காது."

நான் எதுவும் சொல்லாமல் எழுந்து பஸ் ஏறலாம். யாருக்கும் தெரியாது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் பிளேயரை எடுத்து, ஐந்து நிமிடத்தில் புது டெர்மினல் அடித்துவிட்டு வந்துவிடவும் செய்யலாம். அதைத்தான் செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது இருபத்தி நாலு செட். மிச்சம் இருபத்தி மூன்று எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்றை மூடிவிட்டால் அவற்றைப் பற்றிப் பேச எனக்கு வாய் இருக்காது.

"இன்னொண்ணு இருக்குதுங்க," என்றேன்.

அண்ணன் தலையைத் தூக்கினார். "என்ன புள்ள?"

கையைக் கழுவிவிட்டு வண்டிப் பக்கம் போனேன். மூவரும் வந்தார்கள். டேப்பைப் பிரித்து டெர்மினலைப் பிடித்து இழுத்தேன். இந்த முறை கையோடு வந்துவிட்டது.

"இது என் தப்புங்க. நான் இழுத்துப் பாக்காம அனுப்பிட்டன். காலையிலயே பாத்தன். சொல்லல."

ஜீப்காரர் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போயிருந்தா?"

"ரெண்டு லைட்டும் ஒண்ணா போயிருக்கும்ங்க."

"விடியறதுக்கு முன்னால சந்தைக்கு எறங்கறவன் நான்," என்றார். "அஞ்செட்டி ரோட்டுல வளைவு எத்தினி இருக்குது தெரியுமா உனக்கு?"

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி, "செப்பிந்தி கதா, வதுலு," என்றார். அவளே சொல்லிவிட்டாளே, விடு என்று. அவர் விட்டார். ஆனால் முகம் முன்போல் இல்லை. நான் புது டெர்மினல் அடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். முடித்ததும் அவரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தார். கெலமங்கலம் ரோடு பிரிகிற இடத்தில் என் பக்கம் திரும்பினார்.

"வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றார். "ஓகேன்னு எழுதிட்டேன். இப்ப அடிச்சு எழுதணும். ஒன் வேலை போகும், தெரியும்ல?"

"தெரியும்ணா."

"அப்பறம் எதுக்குச் சொன்ன?"

இருபத்தி நாலு செட்டைப் பற்றிச் சொன்னேன். வண்டி ஹாரன் அடித்தது, நான் இழுத்துப் பார்க்காதது, எல்லாம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். முடித்தபோது திட்டவில்லை. தாளை எடுத்து மடியில் வைத்து, குலுங்குகிற பஸ்ஸிலேயே அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். எழுத்தெல்லாம் கோணல்மாணலாகப் போனது.

மறுநாள் சூப்பர்வைசர் தாளை இரண்டு தடவை படித்தார். "பல்பு எரிஞ்சா போதும்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். பிறகு சத்தம் போட்டார். ஹால் முழுக்கக் கேட்டது. மற்ற பெண்கள் கை வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் அழக்கூடாது என்று மேசைக் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் போட்டு முடித்ததும் போனை எடுத்தார்.

அன்றைக்கு வண்டியில் இடமில்லாமல் இறக்கிவைத்த ஒன்பது செட் ஸ்டோரிலேயே மிச்சம் இருந்தது. பிரித்துப் பார்த்ததில் இரண்டில் அதே குறை. டெர்மினல் அடிக்கிற மிஷினில், ஒயர் முனை எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று நிறுத்துகிற அளவுத்தடை அன்றைக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மிஷினில் உட்கார்ந்த பெண்ணை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பிடிப்பதற்காகத்தானே செக்கிங்? ஓசூர்க் கடையிலிருந்து ஐந்தைத் திருப்பி வாங்கினார்கள். அதில் ஒன்று மோசம். பெங்களூரிலிருந்து நாலு வந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. மீதி ஐந்து யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர்களுக்கே நினைவில்லை.

என் சீட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு டேப் சுற்றுகிற வரிசையில் உட்காரவைத்தார்கள். என்னோடு சேர்ந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கு நிரந்தர ஆணை வந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது இன்றைக்கு என்னை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். ஊருக்குப் போனபோது அப்பாவிடம், வரும், இன்னும் கொஞ்சம் நாளாகும் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. ஆறு மாதம் கழித்து ஆணை வந்தது. கொடுக்கும்போது சூப்பர்வைசர், "அன்னைக்கு நீ சொல்லலீன்னா இதைக் குடுத்திருக்க மாட்டேன் அம்மணி. ஆனா அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கவும் தெரிஞ்சிருக்காது," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது குழப்பமாகிவிட்டது போல, கையெழுத்துப் போடச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

அந்த ஐந்து செட் மட்டும் என்னை விடவில்லை. நெடுஞ்சாலையில் எந்த ஜீப்பைப் பார்த்தாலும் முதலில் விளக்கைப் பார்ப்பேன். ஒருமுறை ஊருக்குப் போகிற வழியில், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காவேரிப்பட்டினம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து கடைகளிலெல்லாம் விளக்குப் போட்டிருந்தார்கள். சேலம் ரோட்டிலிருந்து ஒரு ஜீப் இரண்டு விளக்கும் எரியாமல் வந்து ஓரமாக நின்றது. எனக்குக் கால் தானாகவே நடந்தது. டிரைவரிடம் போய், "அண்ணா, லைட்டு எரியலயா? ஒயரிங் எப்ப போட்டீங்க? பானட்டத் திறந்தா நான் பாக்கறன்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லைட்டு நல்லாத்தாம்மா இருக்குது. நான்தான் இன்னும் போடல," என்று சுவிட்சைத் தட்டினார்.

இரண்டும் பளிச்சென்று எரிந்தன. கண் கூசியது. நான் திரும்பிப் பார்த்தபோது காவேரிப்பட்டினம் பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.